ஒரு ரூபாய் குறைந்த சலான்

1961 ஜனவரி 6-ஆம் தேதி, அன்றைய பஞ்சாபில் ஜங் சிங் என்பவர் சிவில் கோர்ட்டில் பணம் கட்டப் போனார். முன்கொள்முதல் உரிமை கேட்டு அவர் போட்ட வழக்கில் அதற்கு முந்திய அக்டோபரில் சமரசத் தீர்ப்பாணை ஆகியிருந்தது. கட்ட வேண்டியது 5,951 ரூபாய். அதில் 1,000 ரூபாய் ஏற்கெனவே கட்டியாயிற்று. மீதியை மே 1-க்குள் கட்டினால் நிலம் அவருக்கு. தவறினால் வழக்கே போய்விடும். கெடுவுக்கு ஏறக்குறைய நான்கு மாதம் இருக்கும்போதே அவர் மனு கொடுத்தார். கோர்ட் எழுத்தர் சலானை இரண்டு படியாக எழுதிக் கையில் கொடுத்தார். 4,951 என்று இருக்க வேண்டிய இடத்தில் 4,950 என்று இருந்தது. ஜங் சிங் அன்றைக்கே அந்தத் தொகையைக் கட்டினார். மே மாதம் அவர் நிலத்தைக் கேட்டபோது, பணம் முழுதும் வந்துவிட்டது என்றே கோர்ட் அலுவலகமும் அறிக்கை கொடுத்தது. ஒரு ரூபாய் குறைவது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. எதிர்த்தரப்பு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. உயர் நீதிமன்றத்தில் தோற்ற ஜங் சிங்குக்கு 1963-இல் உச்ச நீதிமன்றத்தில்தான் விடிவு கிடைத்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஹிதயத்துல்லா கண்ட நியாயம் எளிமையானது: கோர்ட்டை நம்பி ஒருவர் கணக்குக் கேட்கிறார், கோர்ட் தப்பான கணக்கைக் கொடுக்கிறது, அப்போது வழக்காடியின் பொறுப்பு முற்றிலும் நீங்காவிட்டாலும், கோர்ட்டும் அதில் பங்கேற்க வேண்டும். கோர்ட்டின் பிழையால் நொந்தவரை, அந்தப் பிழை நடக்காதிருந்தால் எங்கே நின்றிருப்பாரோ அங்கே கொண்டுபோய் நிறுத்துவது கோர்ட்டின் கடமை.

நீதிமன்றத்தின் செயலால் எவரும் கேடுறலாகாது என்ற இந்தக் கோட்பாடு பழையது. 1871-இல் லண்டன் பிரிவி கவுன்சில், ராட்ஜர் வழக்கில் இதை விரித்துச் சொன்னபோது, 'நீதிமன்றத்தின் செயல்' என்பதில் அடிமட்டக் கோர்ட்டிலிருந்து உச்ச மன்றம் வரை எல்லாம் அடங்கும் என்றது. நம் வக்கீல்கள் ராட்ஜரையும் ஜங் சிங்கையும் இன்றும் மனுக்களில் எழுதுகிறார்கள். ஆனால் ஜங் சிங்கின் வெற்றியை உற்றுப் பார்த்தால் ஒரு கேள்வி மிஞ்சும். கெட்டுப்போன வழக்கு சரியானது. ஒரு ரூபாய்க்காக மேல்கோர்ட்டுகள் ஏறியதற்கான செலவும், நிலம் கைக்கு வராமல் கழிந்த காலமும் யார் கணக்கில் சேர்ந்தன? நம் சட்டம் கோர்ட்டின் பிழையால் கெட்ட கோப்பைச் செப்பனிடுகிறது. கெட்ட ஆளுக்கு ஈடு செய்வதில்லை. இந்த இடைவெளி நியாயமற்றது என்பதும், நீதிபதிகளின் சுதந்திரத்தைத் தொடாமலே அதை அடைக்கலாம் என்பதும்தான் இக்கட்டுரையின் வாதம்.

இதை வாலாஜாபாத் பக்கத்திலிருந்து பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. வண்டலூரிலிருந்து ஒரகடம் வழியாக வாலாஜாபாத்துக்கு வரும் சாலையின் இரு பக்கமும் ஒரு தலைமுறைக்கு முன் ஏரித் தண்ணீர் பாய்ந்த நெல் வயல்கள். 1990-களின் பிற்பகுதியில் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. 2010-இல் ரெனோ-நிசான் ஆலை ஒரகடத்தில் ஓடத் தொடங்கியது. தொழிலுக்காக நிலம் எடுப்பதற்கென்றே தமிழ்நாடு 1997-இல் தனிச் சட்டம் இயற்றியது. அண்ணன் தம்பி வாய்ப்பேச்சில் பிரித்து உழுத வயல், சர்வே எண்ணும் உட்பிரிவுமாகப் பேசப்படும் சொத்தாயிற்று. நிலம் எடுக்கப்பட்டு, இழப்பீட்டில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று தகராறு வந்தால் பணம் கோர்ட் டெபாசிட்டுக்குப் போகும். பாகப்பிரிவினைத் தீர்ப்பாணை கையில் வந்தபின்தான் வெளியே வரும். இப்படி வைத்துக்கொள்வோம்: தீர்ப்பில் 112/2ஏ என்று இருக்கிறது; தீர்ப்பாணையின் சொத்து விவரத்தைத் தட்டச்சு செய்தவர் 112/2பி என்று அடித்துவிட்டார். சார்பதிவாளர் அந்த ஆணையைப் பதிய மாட்டார். தாசில்தார் பட்டா மாற்ற மாட்டார். நில எடுப்பு அலுவலகம் உங்கள் பெயரையே கண்டுகொள்ளாது. அவர்கள் மேல் குறை சொல்லவும் முடியாது. கையில் இருக்கும் காகிதத்தில் உள்ளபடிதான் அவர்கள் நடப்பார்கள். நெல் விளைந்த காலத்தில் இப்படி ஓராண்டு வீணானால் போவது ஒரு போக வருமானம். நிலத்தின் விலை ஆண்டுக்கு ஆண்டு மாறும் இடத்தில் அதே ஓராண்டின் பெறுமதி வேறு.

மேற்சொன்ன பிழைக்குச் சட்டத்தில் நல்ல வழியே இருக்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 152-ஆவது பிரிவு, தீர்ப்பிலும் தீர்ப்பாணையிலும் உள்ள எழுத்துப் பிழை, கணக்குப் பிழை, கைதவறி நேர்ந்த பிழை ஆகியவற்றை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிறது. யாரும் மனுப்போடாமல் நீதிமன்றம் தானாகவும் திருத்தலாம். தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் போன ஜானகிராம ஐயர் வழக்கு இதற்கு நல்ல சான்று. கீழ்க்கோர்ட் தீர்ப்பாணையில் 'நிகர லாபம்' என்று இருந்தது. உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பாணை வரைந்தபோது அது 'மீஸ்னே பிராஃபிட்' ஆகிவிட்டது. உரிமையில்லாமல் அனுபவித்தவன் கொடுக்க வேண்டிய வருமானம் என்று பொருள்படும் சொல் அது. ஒரு சொல் மாறியதும் கடனின் தன்மையே மாறுகிறது. ஆனாலும் அது அலுவலகத்தில் கைதவறியது என்பது வெளிப்படை என்பதால் திருத்தம் சரி என்றது உச்ச நீதிமன்றம். சொத்தின் அடையாளம் தெளிவில்லை என்பதற்காக ஜெயித்தவர் தீர்ப்பாணையின் பலனை இழக்கக் கூடாது, 152-இலோ, நிறைவேற்றும் கோர்ட்டில் 47-ஆவது பிரிவிலோ அதைச் சரிசெய்ய வேண்டும் என்று பிரதிபா சிங் வழக்கில் சொல்லப்பட்டிருக்கிறது. எல்லையும் உண்டு. 1999-இல் துவாரகா தாஸ் வழக்கில், நீதிபதி தராமல் விட்ட வட்டியைப் 'பிழைதிருத்தம்' என்ற பெயரில் பின்னால் சேர்க்க முடியாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். நீதிபதி நினைத்தது ஒன்று, காகிதத்தில் விழுந்தது வேறு என்றால் 152. நினைத்ததே தப்பு என்றால் மறுஆய்வு அல்லது மேல்முறையீடு. இரண்டுக்கும் நாள் கணக்கு உண்டு. எந்தக் கதவு என்று தெரியாமல் தப்பான கதவைத் தட்டி நிற்கும் நாளிலேயே சரியான கதவின் கெடு முடிந்துவிடுவதுண்டு.

தேதிப் பிழை இதைவிடக் கொடியது, ஏனென்றால் அது காகிதத்தில் பிழையாகத் தெரியாது. வாய்தா 14-ஆம் தேதி என்று கட்சிக்காரரிடம் சொல்லப்படுகிறது. டைரியில் 4-ஆம் தேதி என்று ஏறிவிடுகிறது. 4-ஆம் தேதி பெயர் கூப்பிட்டு, ஆள் இல்லை என்று ஒருதரப்பாக, அதாவது எக்ஸ்பார்ட்டியாக முடிகிறது. பத்து நாள் கழித்து வருகிறவருக்கு அங்கே வழக்கு இல்லை. இதை மாற்ற ஆணை 9, விதி 13-இன்படி மனுப்போடலாம்; வாதியின் வழக்கு தள்ளுபடியாகியிருந்தால் விதி 9. விசாரணைக்கெனக் குறிக்காத நாளில் நடந்த முடிவைக் கோர்ட் தன் உள்ளார்ந்த அதிகாரத்தால், அதாவது 151-ஆவது பிரிவால், நீக்கலாம் என்றும் பல உயர் நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. ஆனால் காலவரையறைச் சட்டத்தின் 123-ஆவது உறுப்பைக் கவனியுங்கள். எக்ஸ்பார்ட்டி தீர்ப்பாணையை நீக்கக் கெடு 30 நாள். சம்மன் முறைப்படி சேரவில்லை என்றால் அந்த 30 நாள், தீர்ப்பாணை பற்றி அறிந்த நாளிலிருந்து ஓடும். சம்மன் சேர்ந்து, வக்காலத்தும் போட்டு, பிறகு தப்பான தேதியால் ஏமாந்தவருக்கோ, தீர்ப்பாணை ஆன நாளிலிருந்தே ஓடும். கோர்ட்டை மதித்து வந்தவருக்கே கடிகாரம் முன்கூட்டி ஓடுகிறது. அவர் 5-ஆவது பிரிவில் தாமதத்தை மன்னிக்கக் கேட்க வேண்டும். 'நானூற்றுப் பன்னிரண்டு நாள் தாமதம்' என்று மனுவின் தலையிலேயே எழுதிக்கொண்டு, குற்றவாளியைப் போல நிற்க வேண்டும். 1987-இன் கதீஜி தீர்ப்புக்குப் பின் கோர்ட்டுகள் இதில் தாராளம் காட்டுவது உண்மை. ஆனால் தாராளம் என்பது தயவு. உரிமையின் உறுதி அதற்குக் கிடையாது.

இங்கே நிரூபணம்தான் எல்லாம். நம் கீழ்க்கோர்ட்டுகளில் வாய்தாக்களைக் குறிக்க 'ஏ டைரி' உண்டு. வழக்கில் அன்றன்று நடந்தது 'பி டைரி'யில் ஏறும். பி டைரிக்கு நகல் மனுப் போட்டுக் கையில் வைத்துக்கொள்ளாமல், 'குமாஸ்தா 14 என்று சொன்னார்' என்று பிரமாணப் பத்திரத்தில் எழுதினால் அது வெறும் பேச்சு. இணையத்தில் பார்த்த தேதியை நம்பினேன் என்பதும் பலமான ஊன்றுகோல் ஆகாது. வழக்குக்குப் பதினாறு இலக்க அடையாள எண் கொடுத்து எல்லாவற்றையும் கைபேசியில் காட்டும் இ-கோர்ட்ஸ் தளமே, தகவல் பிழைக்கோ தாமதத்துக்கோ யாரும் பொறுப்பல்ல என்று அடியில் எழுதிவைத்திருக்கிறது. கட்சிக்காரரை அதைப் பார்த்து நடக்கச் சொல்வதும் கோர்ட்தான், நடந்து கெட்டால் பொறுப்பில்லை என்பதும் கோர்ட்தான்.

நகல் விஷயத்தில் சட்டம் ஓரளவு நேர்மையாக இருக்கிறது. சான்றிட்ட நகலின் கடைசிப் பக்கத்தில் ஒரு ரப்பர் முத்திரை விழும்: மனுச் செய்த நாள், முத்திரைத்தாள் கேட்ட நாள், அது தாக்கலான நாள், நகல் தயாரான நாள், வழங்கிய நாள். காலவரையறைச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு நகலுக்கு ஆன காலத்தைக் கழித்துவிடுகிறது. எந்த நாள் கோர்ட்டுடையது, எந்த நாள் உங்களுடையது என்பதை அந்த முத்திரை பிரித்துக் காட்டும். கோர்ட்டின் தாமதத்தைக் கோர்ட்டே நாள் வாரியாக ஒப்புக்கொள்ளும் ஒரே இடம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதிலும் ஒரு கொக்கி. நகல் மனுப் போடுவதற்கு முன் தீர்ப்பாணை வரைவதில் கோர்ட் எடுத்துக்கொண்ட காலம் கழியாது என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. ஆகவே தீர்ப்புச் சொன்ன அன்றே நகல் மனுப் போட வேண்டும். சென்னைத் தீர்ப்பாயத்திலிருந்து கிளம்பிய வி.நாகராஜன் வழக்கு இதற்குப் பாடம். ஆணை 2019 டிசம்பர் 31-இல் சொல்லப்பட்டது. இணையத்தில் ஏறியது 2020 மார்ச் 12-இல். இலவச நகலுக்குக் காத்திருந்தவர், சான்றிட்ட நகலுக்கு மனுவே போடவில்லை. விழிப்பாக இருந்திருக்க வேண்டியவர் நீங்கள் என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஜங் சிங்குக்கும் நாகராஜனுக்கும் நடுவில் ஓடும் கோடு இதுதான்: முன்னவர் கோர்ட்டிடம் போய்க் கேட்டார், பின்னவர் கேட்க வேண்டிய விதத்தில் கேட்கவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் கோப்பைச் செப்பனிடும் வழிகள். இனி ஆளுக்கு வருவோம். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்த கே.எல்.சுனேஜா வழக்கில், வீடு கேட்டவருக்குத் திருப்பித் தர வேண்டிய தொகைக்கான பே ஆர்டரைக் கட்டுநர் 2005-இலேயே கொடுத்துவிட்டார். அது பணமாக்கப்படாமல் பத்தாண்டுக்கு மேல், வழக்கை விசாரித்த ஆணையத்திலேயே கிடந்தது. வட்டி யார் தருவது? பணத்தைக் கொடுத்துவிட்ட கட்டுநரிடம் கேட்க முடியாது என்று முடிவாயிற்று. அந்த விடை சரியாகவே இருக்கலாம். ஆனால் பணம் தூங்கிய இடம் கணக்கிலேயே வரவில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 144-ஆவது பிரிவும் அப்படித்தான். தீர்ப்பாணை மாறினால் பழைய நிலையை மீட்டுக்கொடு, வட்டியும் நட்டமும் கொடு என்கிறது. கொடுக்க வேண்டியவர் எதிராளி. கோர்ட் எழுத்தர் சலானைத் தப்பாக எழுதியதில் எதிராளியின் குற்றம் என்ன? குற்றமில்லாத இருவரைச் சண்டைக்கு விட்டுவிட்டுப் பிழை செய்தவர் நடுவராக உட்காரும் ஏற்பாடு இது.

தவறு செய்தவரை நேரே கேட்க முடியாதா என்றால், கம்பெனி ஆட்சிக் காலத்து 1850-ஆம் ஆண்டின் நீதித்துறை அலுவலர் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கிறது. நீதி வழங்கும் வேலையில் நல்லெண்ணத்தோடு செய்ததற்கு வழக்குப்போட முடியாது. கோர்ட் ஆணையை நிறைவேற்றும் ஊழியருக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. நீதிபதிக்கு இந்தக் கவசம் அவசியம், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சலான் எழுதுவதும் டைரியில் தேதி ஏற்றுவதும் நீதி வழங்கும் வேலையா? அலகாபாத் உயர் நீதிமன்றம் துளசி ராம் வழக்கில் இந்த வேறுபாட்டைக் கண்டது. விடுதலையானவர்களையும் சேர்த்துக் கைது ஆணையில் கவனியாமல் கையெழுத்திட்ட அதிகாரி, அங்கே நீதி வழங்கவில்லை, நிர்வாக வேலைதான் செய்தார். ஆகவே கவசம் இல்லை என்றது. அதே வழக்கில் அரசின் மேல் பொறுப்பு ஏற்றப்படவில்லை. அரசின் மேல் வழக்குப் போட முடியாது என்ற இறையாண்மை விலக்கை வெகுவாகச் சுருக்கிய 1994-இன் நாகேந்திர ராவ் தீர்ப்பும், நீதி பரிபாலனத்தை அந்த விலக்குக்குள்ளேயே விட்டுவைத்தது. அரசியல் சட்ட வழியில் இழப்பீடு கேட்கலாம் என்பதற்கு ருதுல் ஷா முன்னோடி. விடுதலையான பின்னும் பதினான்கு ஆண்டு சிறையில் கிடந்தவருக்கு 1983-இல் 35,000 ரூபாய் கிடைத்தது. அது உயிர், உடல் சுதந்திரம் சம்பந்தப்பட்டது. நிலத்துக்கும் பணத்துக்கும் அந்த வழி நீளவில்லை. சிவில் கோர்ட்டின் நீதித்துறை ஆணைக்கு எதிராக அரசியல் சட்டத்தின் 226-ஆவது உறுப்பில் ரிட் இல்லை, 227-இல் மேற்பார்வை மட்டுமே என்று 2015-இல் ராதே ஷ்யாம் வழக்கு சொல்லிவிட்டது. மாவட்ட நீதிபதியிடமோ உயர் நீதிமன்றப் பதிவுத் துறையிடமோ ஊழியர் மீது புகார் கொடுக்கலாம். 235-ஆவது உறுப்பின்படி கீழ்க்கோர்ட்டுகள் உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் இருப்பவை. அந்தப் புகாரால் ஊழியருக்கு மெமோ வரலாம். உங்கள் வழக்கில் ஒரு எழுத்தும் மாறாது.

முதல் ஆட்சேபம்: இழப்பீடு என்று ஆரம்பித்தால் தோற்றவர் எல்லாரும் கோர்ட் மேல் வழக்குப்போடுவார்கள், தீர்ப்பின் இறுதித்தன்மை என்னாவது? நீதிபதியின் முடிவு தப்பு என்பவருக்கு இந்த வழி திறக்கவே கூடாது என்பதே பதில். 152-இல் திருத்தப்பட்ட பிழை, பி டைரியால் மெய்ப்பட்ட தேதிப் பிழை, ரப்பர் முத்திரை காட்டும் தாமதம் என்று கோர்ட் தன் பதிவேட்டிலேயே ஒப்புக்கொண்ட பிழைக்கு மட்டும் போதும். இறுதித்தன்மையைக் காக்க நினைப்பவர்தான் இதை முதலில் ஆதரிக்க வேண்டும். எக்ஸ்பார்ட்டி தீர்ப்பாணையை வைத்து நிலம் ஏலத்துக்குப் போய், சம்பந்தமே இல்லாத மூன்றாம் ஆள் எடுத்துவிட்டால், பிறகு தீர்ப்பாணை நீங்கினாலும் பொதுவாக அவர் வாங்கியது நிற்கும். தீர்ப்பாணைதாரரே எடுத்திருந்தாலோ, அவரிடமிருந்து வாங்கியிருந்தாலோ நிற்காது என்பதை 1996-இன் ருக்மிணி அம்மா வழக்கு தெளிவாக்கியது. அந்நியரைக் காப்பது நியாயம்தான், இல்லாவிட்டால் கோர்ட் ஏலத்துக்கு யாரும் வரமாட்டார்கள். ஆனால் தேதிப் பிழையால் நிலத்தை இழந்தவருக்கு அந்த நிலம் திரும்பாது. அங்கே காசைத் தவிர வேறு பரிகாரமே இல்லை.

இரண்டாவது, ஊழியர்கள் பயந்து வேலை நின்றுவிடும் என்பது. பொறுப்பை ஊழியர் தலையில் கட்டினால் அது நடக்கும். அரசு ஏற்றால் நடக்காது. ஸ்பெயினின் 1978 அரசியல் சட்டத்தின் 121-ஆவது உறுப்பு, நீதிப் பிழையாலும் நீதி நிர்வாகம் ஒழுங்காக இயங்காததாலும் வந்த நட்டத்துக்கு அரசே ஈடு தரும் என்று எழுதியிருக்கிறது. ஜெர்மனி 2011-இல் அளவுமீறித் தாமதித்த வழக்குக்கு ஆண்டுக்கு 1,200 யூரோ என்று வைத்தது. இங்கிலாந்தில் நீதிபதியின் முடிவைத் தொடாமல், கோர்ட் ஊழியரின் நிர்வாகப் பிழைக்கு மட்டும் கோர்ட் சேவைத் துறை கருணைத்தொகை தருகிறது. திருப்தியில்லாதவர் நாடாளுமன்றக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 1850 சட்டம் எந்த நாட்டுச் சிந்தனையிலிருந்து வந்ததோ அந்த நாடே கவுண்டரையும் பெஞ்சையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டது.

மூன்றாவது ஆட்சேபம் பலமானது: வழக்காடியும் விழிப்பாக இருக்க வேண்டாமா? வேண்டும். 4,951-ஐயும் 4,950-ஐயும் ஒப்பிட்டுப் பார்க்க ஜங் சிங்குக்கும் கண் இருந்தது. ஆனால் விழிப்பில்லாத வக்கீலால் கெட்டவரை நம் கோர்ட்டுகள் எப்படி நடத்தின என்பதோடு இதை வைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டிலிருந்து போன என்.பாலகிருஷ்ணன் வழக்கில் 883 நாள் தாமதத்தை 1998-இல் உச்ச நீதிமன்றம் மன்னித்தது. அந்தக் கட்சிக்காரர் தன் வக்கீலை நுகர்வோர் மன்றத்துக்கு இழுத்து இழப்பீடும் பெற்றிருந்தார். 2024 மே மாதம் வக்கீல் தொழில் நுகர்வோர் சட்டத்தின் கீழ் வராது என்றாகிவிட்டது. ஆனாலும் கவனக்குறைவுக்காக வக்கீல்மேல் சாதாரண சிவில் வழக்குப் போடலாம். தனியாளின் அலட்சியத்துக்கு விலை உண்டு, கோர்ட் அலுவலகத்தின் அலட்சியத்துக்கு இல்லை. ஹிதயத்துல்லா சொன்ன பங்கீட்டை எடுத்துக்கொண்டால் வழக்காடியின் கவனக்குறைவுக்கு ஏற்பத் தொகையைக் குறைக்கலாம். மோட்டார் விபத்து இழப்பீட்டில் அன்றாடம் அப்படித்தானே குறைக்கிறார்கள்?

இதற்குப் பெரிய சட்டப் புரட்சி தேவையில்லை. 123-ஆவது உறுப்பில், கோர்ட் பதிவால் தேதி மாறியவருக்கும் அறிந்த நாளிலிருந்தே கெடு என்று ஒரு வரி சேர்க்கலாம். 152 மனுவுக்குக் கட்டணமும் வக்கீல் செலவும் அரசுக் கணக்கில் போகலாம். உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டிலேயே, மாவட்டந்தோறும், உச்சவரம்போடு கூடிய ஒரு சிறு நிதியை வைக்கலாம். இவை வரும்வரை வாலாஜாபாத்தில் தீர்ப்பாணை வாங்குகிறவருக்கு இருப்பது அவர் கண்தான். தீர்ப்பையும் தீர்ப்பாணையையும் அ-பதிவேட்டு நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உட்பிரிவு எழுத்தை விரலால் தொட்டு, கோர்ட் வளாகத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே ஒப்பிட்டுவிட வேண்டும். அந்த வேலைக்குச் சம்பளம் வாங்குகிறவர் கவுண்டருக்கு உள்ளே இருக்கிறார்.